அசல் ஜரிகையும் ஐன்ஸ்டீன் சீட்டும்

வெற்றிலை, சீட்டாட்டம் எதுவும் கிடையாது என்று விசாரித்துத்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். விஞ்ஞானிகளின் கடிதம் சேர்க்கிற பழக்கம் உண்டா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆரணியில் இரண்டு தறி வைத்துக்கொண்டு, அதிலும் ஒன்று பாவில்லாமல் சும்மா நிற்கிறவன் அசல் கடிதத்துக்கு ஆசைப்பட முடியாது. நூலகங்களும் ஏலக்காரர்களும் இணையத்தில் போடுகிற படங்களைக் கலர் பிரிண்ட் எடுத்து, பரணில் பழைய ஜாக்கார்டு அட்டைகளோடு அடுக்கி வைப்பேன். எலிக்கு இரண்டுமே ஒன்றுதான்.

ஐன்ஸ்டீன் 1922-இல் டோக்கியோ ஓட்டலில் தங்கியிருந்தபோது, வேலையாக வந்த பையனுக்குக் கொடுக்கச் சில்லறை இல்லை. பையனே வாங்க மறுத்துவிட்டான் என்றும் சொல்வார்கள். ஓட்டல் தாளிலேயே மகிழ்ச்சியான வாழ்க்கை பற்றி இரண்டு வரி எழுதி நீட்டினார். 2017-இல் ஜெருசலேம் ஏலத்தில் அந்தச் சீட்டு 15.6 லட்சம் டாலருக்குப் போனது. இதை வீட்டில் சொன்னேன். “காசு இல்லாம எழுதிக் கொடுத்தவர் நீங்களுந்தாங்க. மளிகைக் கடை நோட்டுல பக்கம் பக்கமா உங்க கையெழுத்து கிடக்குதே, அது இன்னா விலைக்குப் போவும்?” என்றாள் வீட்டுக்காரி.

அவளை மடக்க ராமானுஜனை எடுத்தேன். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதம். சில பக்கங்கள் தொலைந்துபோக, மிச்சம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. தேற்றங்களை அவள் பார்க்கவே இல்லை. ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறார், அதைப் பிடித்துக்கொண்டாள். “கணக்குல புலி, வருமானத்தை மறைக்கல பாருங்க.” வயதை மட்டும் சுமார் 23 என்கிறார், அப்போது அவருக்கு 25. அடுத்த மாதமே, தான் பாதிப் பட்டினி, மூளையைக் காப்பாற்றிக்கொள்ளச் சாப்பாடு வேண்டும் என்று ஹார்டிக்கே மறுபடி எழுதினார். அதைப் படித்துக் காட்டியதும் அவள் பேசவில்லை. எனக்கு அன்றைக்குக் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு விழுந்தது. இந்தச் சேகரிப்பில் நான் பார்த்த ஒரே வரும்படி அதுதான்.

அசல் வாங்க வசதியில்லாததும் ஒரு பாதுகாப்பு. 1860-களில் பாரிஸில் மிஷேல் ஷால் என்ற பெரிய வடிவியல் மேதை, வ்ரான்-லூகா என்ற ஆசாமியிடம் சுமார் 27,000 கடிதங்கள் வாங்கினார். நியூட்டனுக்கு முன்பே ஈர்ப்பு விசையைக் கண்டுபிடித்தது எங்கள் பாஸ்கல்தான் என்று அவற்றைக் காட்டி அறிவியல் கழகத்தில் முழங்கினார். அந்தக் குவியலில் கிளியோபாட்ரா சீசருக்கு எழுதியதும் இருந்தது, சுத்தமான பிரெஞ்சில்! 1870-இல் விற்றவனுக்கு இரண்டு வருடம் சிறை. ஜரிகையைச் சுரண்டினால் நடுவே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்த்து வாங்குகிறவன் நான்; ஆனாலும் அந்தப் பாஸ்கல் கடிதத்தைத் தவணையில் தருவதாகச் சொல்லியிருந்தால் முன்பணம் கொடுத்திருப்பேன்.

இப்போது தேடுவது சார்லஸ் பாபேஜ் 1839-இல் பாரிஸ் வானியலாளர் அரகோவுக்கு எழுதியதை. நம் தறிமேல் உட்கார்ந்திருக்கிற ஜாக்கார்டின் அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கும் துளை அட்டை போடத் திட்டமிட்டார். அந்தக் கருவியை உருவாக்கிய ஜாக்கார்டு என்பவரின் உருவத்தையே லியோன் நகரில் பட்டில் நெய்திருந்தார்கள். பார்த்தவர்கள் அச்சடித்த படம் என்றே நினைத்தார்கள். அதை வாங்கித் தரச் சொல்லி எழுதிய கடிதம் அது. அந்த ஒரு படத்துக்கு சுமார் 24,000 அட்டை!

இந்த முறை வீட்டுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானை டிசைனுக்கு அட்டை அடிக்கக் கொடுத்த பணம் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“அத்தனை அட்டை குத்துனவனுக்கு கூலி ஒழுங்கா குடுத்தாங்களா?”

தெரியவில்லை என்றேன்.

“அவன் பாக்கி கேட்டு எழுதுன லெட்டர் எங்கயாச்சும் இருந்தா சொல்லுங்க. அதை மட்டும் அசலாவே வாங்கிக்கலாம்.”