பெட்டி கேட்கிறது, காக்கா அடிக்கிறார்

கல்முனை பிரதான வீதியின் கொமினிகேஷன் கடைகளில் போட்டோகொப்பி, லேமினேட்டிங், ரீலோட் எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். அந்த மேசைக்கு வரும் முறைப்பாடுகளில் விசித்திரமானது, அவுட்லுக் ஓயாமல் பாஸ்வேர்ட் கேட்பது. மருதமுனைச் சாரி வியாபாரி சரியாகத்தான் அடிக்கிறார். பெட்டி மறைகிறது, மூச்சு விடுவதற்குள் மறுபடி முளைக்கிறது.

"காக்கா, பாஸ்வேர்ட் பிழை போல."

"பிழையா? என்ட மூத்த மகள்ட பேரும் பொறந்த வருசமும்டா தம்பி!"

கடை முழுக்கக் கேட்டுவிட்டதால் அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் குற்றம் அவர் விரலில் இல்லை. வழக்கமான பாஸ்வேர்டை மட்டும் வாங்கிக்கொண்டு பழைய மென்பொருள்களை உள்ளே விடுவதை, தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30இல் கூகுள் நிறுத்தியது. அதே ஆண்டு ஒக்டோபரில் எக்ஸ்சேஞ்ச் ஒன்லைனில் மைக்ரோசொஃப்டும் அந்த வேலையைத் தொடங்கியது. காக்காவின் 2010ஆம் ஆண்டு அவுட்லுக்குக்கு இந்தச் செய்தி எட்டவேயில்லை. பூட்டு மாறியது தெரியாமல் பழைய சாவியையே திருகிக்கொண்டிருக்கிறது.

ஜிமெயில் என்றால் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டைப் பெட்டியில் ஒட்ட வேண்டும். தண்டர்பேர்டில் உள்நுழைவு முறையை ஓஆத்2 என்று மாற்றலாம். எக்ஸ்சேஞ்ச் கணக்கென்றால் புதிய அவுட்லுக்குக்கு மாறி, விண்டோஸின் கிரெடென்ஷியல் மனேஜரில் பதுங்கியிருக்கும் பழைய பாஸ்வேர்டையும் அழிக்க வேண்டும்.

தம்பி இரட்டைச் சரிபார்ப்பை அழுத்துகிறார். குறியீடு கணக்கைத் திறந்து கொடுத்த மருமகனின் நம்பருக்குப் போகிறது. அவர் கட்டாரில். இங்கே பகல் 12 மணி, அங்கே 9.30, வேலை நேரத்தில் அவர் போன் எடுக்க மாட்டாராம்.