பிழை பிடிப்பது எப்படி: கள்ளக்குறிச்சி முதல் வெள்ளிமலை வரை

இந்த வேட்டைக்கு உரிமம் வேண்டாம். வனத்துறை அனுமதியும் வேண்டாம். நன்னூல் கைவசம் இருந்தால் நல்லது. இல்லையென்றால், பள்ளித் தமிழாசிரியர் வைத்த குட்டு எதற்காக என்று நினைவிருந்தாலே போதும். சென்னையில் பாதிப் பலகை ஆங்கிலம். அங்கே அலைந்து பயனில்லை. கள்ளக்குறிச்சிக்கு வாருங்கள். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். புது மாவட்டம் என்றால் புதுப் பலகை, புது முத்திரை, புது லெட்டர்பேடு. வேட்டைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

கை பழக ஊர்ப் பெயரே உதவும். கள்ளகுறிச்சி, கள்ளக்குரிச்சி, கள்ளகுரிச்சி என மூன்றையும், வாங்கிய டீ ஆறுவதற்குள் பிடித்துவிடலாம்.

ஆனால் உடனே பேனாவைத் திறந்துவிடாதீர்கள். கிழக்கே உளுந்தூர்பேட்டை இருக்கிறது. இலக்கணப்படி நடுவே ஒரு 'ப்' வேண்டும். ரயில் நிலையம் முதல் தாலுகா ஆபீஸ் வரை அது இல்லாமல்தான் எழுதுகிறார்கள். ஊரே சேர்ந்து செய்தால் அது பிழையன்று, வழக்கு. வடகிழக்கே போனால் இன்னொரு கண்ணி: திருக்கோவிலூரா, திருக்கோயிலூரா? ஓகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய் வரும் என்பது நன்னூல் விதி. எனவே கோவில் சரி. கோயில் நெடுநாள் வழக்கு. எனவே அதுவும் சரி. விஷயம் தெரியாத ஒருவரைப் பிடித்துப் பந்தயம் கட்டுங்கள். அவர் எதைச் சொன்னாலும் மற்றதுதான் சரி என்று வாதாடலாம், தோற்கவே மாட்டீர்கள்.

நிறுத்தற்குறி வேட்டை கொஞ்சம் வறட்சியானது. ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டார்கள். அச்சு வந்த பிறகு, தமிழ் உரைநடையில் குறிகளைப் பரப்பியவர் என்று ஆறுமுக நாவலரை (1822–1879) சொல்வார்கள். அவர் பாடுபட்டதில் பேனர் கடைக்குப் போய்ச் சேர்ந்தது ஆச்சரியக்குறி மட்டும்தான். மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் மூன்று, கண்ணீர் அஞ்சலிக்கும் மூன்று. பேனர் கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் டிசைன் வந்ததும் மாமாவின் போட்டோ சித்தப்பாவின் போட்டோவைவிடச் சின்னதாகிவிட்டதா என்று பார்ப்பதா, ஒற்றைப் பார்ப்பதா?

கொழுத்த இரை 'ற்' பக்கத்தில் மேயும். விற்ப்பனை, பயிற்ச்சி, முயற்ச்சி, நிற்க்கும். ட், ற் இரண்டும் தமக்குப் பின்னால் இன்னொரு ஒற்றைச் சகிக்கமாட்டா. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே கடைத்தெருவில் ஒரு சாயங்காலத்தைக் கழிக்கலாம். காலி மனை ஒன்றில் "இந்த இடம் விற்ப்பனைக்கு அல்ல" என்று கண்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஒருமைக்கு 'அன்று' வரவேண்டும். இதைவிடச் சுவையானது "சுவற்றில் எழுதாதே". அதை எழுதியிருப்பது சுவரில்.

கடைக்காரரிடம் சொல்லத்தான் வேண்டுமா? சொல்லுங்கள். "அண்ணே, போர்டுல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு." அவர் போர்டைப் பார்க்கமாட்டார், உங்களைப் பார்ப்பார். "அதான் படிச்சிட்டீங்கல்ல, அப்புறம் என்ன?" இதற்கு நன்னூலில் பதில் இல்லை. அரசாங்கமே திருத்தப் போய்த் திரும்பிய கதையும் உண்டு. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியானது. கோயம்புத்தூரின் வாலை நீட்டிய நீட்டில் ஊர் சிரிக்க, சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள்.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டையை மட்டும் இங்கே இழுக்காதீர்கள். அதில் வரும் 'கள்' சிலேடைக்கு இந்த ஊரில் யாரும் சிரிக்கமாட்டார்கள். 2024 ஜூனில் இங்குள்ள கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறினால் விதிகள் மாறும். மலையின் பெயர் பலகையில் கல்வராயன், பேச்சில் கல்ராயன். பேச்சைத் திருத்தாதீர்கள். அங்குள்ள பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்காரர் என்று நினைத்துக்கொண்டு "தப்பா எழுதியிருக்கீங்களே" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகச் சொல்வார்கள். மலையை ஆள்பவர் என்று பிரித்தாலும் உடம்படுமெய் கச்சிதமாக உட்காருகிறது.

வெள்ளிமலையில் "தேனீர்" என்று பலகை தென்பட்டால் பொறுங்கள். தேயிலையில் போடுவது தேநீர். தேனும் நீரும் சேர்ந்தால்தான் தேனீர். மலைத்தேன் விற்கும் ஊரில் அது பிழை என்று எப்படித் துணிந்து சொல்வது? ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டுத் திருத்தவும்.

உங்கள் சமர்த்தைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டக்கூடும். "தம்பி, இதுல எம்பேர மாத்திப் போட்டுட்டாங்க." ரேஷன் அட்டையில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் அப்பா பெயருக்கு ஒரு கால் குறைவு. மூவரும் ஒரே ஆள் என்று நிரூபிக்காமல் உதவித்தொகை நகராது. இங்கே சிவப்புப் பேனா செல்லாது. அவரைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய் டோக்கன் வாங்குங்கள். சர்வர் வருவதற்கு நேரமாகும். எதிர்ச்சுவரில் அறிவிப்பு ஏதாவது ஒட்டியிருப்பார்கள், படித்துக்கொண்டிருக்கலாம்.