முதல் மரியாதை யாருக்கு? அமிகா 500 துவக்கவியல் குறித்த ஓர் ஆராய்ச்சி

பழைய கணினிகளைப் பேணுவோரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. கமடோர் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட அமிகா 500-ஐ ஹார்ட் டிஸ்கிலிருந்து பூட் செய்ய டிஸ்கைக் கணினியோடு இணைக்கும் எந்தக் கன்ட்ரோலர் சிறந்தது என்பதே அது. இதுவரை தீர்ப்புச் சொன்னவர்கள் வேகத்தையே அளவுகோலாகப் பிடித்துக்கொண்டார்கள். வினாடிக்கு இத்தனை கிலோபைட் என்று ஓர் எண்ணைக் காட்டி எதிராளியை வாயடைக்க வைப்பது அவர்கள் மரபு. அவ்வளவு வேகத்தில் வந்த கிலோபைட்டுகளைக் கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். பூட் செய்தார்கள், வொர்க்பெஞ்ச் எனப்படும் முகப்புத் திரை வந்தது, மகிழ்ந்தார்கள், அணைத்தார்கள். நடந்தது அவ்வளவே. இந்த வேகவாதத்தை மறுத்து வேறோர் அளவுகோலை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். 1985-இல் வந்த அமிகா 1000 இதில் சேராது. அது கிக்ஸ்டார்ட் எனப்படும் தன் அடிப்படை மென்பொருளையே ஃபிளாப்பியிலிருந்து படித்து, 256 கிலோபைட் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, அதன்பின் அடுத்த ஃபிளாப்பியைக் கேட்கும். அதனிடம் போய் ஹார்ட் டிஸ்க் பூட் பற்றிப் பேசுவது நாகரிகமாகாது. அடாரி எஸ்டியையும் விலக்கியிருக்கிறேன். காரணம் கல்விசார்ந்ததன்று, அதன் அன்பர்கள் கோபக்காரர்கள்.

இனி நூற்பொருள். கிக்ஸ்டார்ட் 1.2 ரோம் உள்ள கணினி ஹார்ட் டிஸ்கிலிருந்து தானாகத் துவங்காது. எத்தனை விலை கொடுத்து கன்ட்ரோலர் வாங்கி மாட்டினாலும், முதலில் ஒரு ஃபிளாப்பியைச் செருகி, அதிலுள்ள டிரைவரை ஏற்றிய பிறகே ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருப்பதை அது ஒப்புக்கொள்ளும். 1988-இல் வந்த 1.3 ரோம்தான் இந்தத் தீட்டை நீக்கியது. அதன்பின் கதை இப்படி நடக்கிறது: மின்சாரம் பாய்ந்ததும் கணினி தன்னைச் சோதித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் யாரேனும் வந்திருக்கிறார்களா என்று ஆட்டோகான்ஃபிக் முறைப்படி விசாரிக்கிறது. கன்ட்ரோலர் தன் பெயரையும் முகவரித் தேவையையும் சொல்லி, தன்னிடமுள்ள ரோம் வழியே டிரைவரையும் ஒப்படைக்கிறது. அந்த டிரைவர் டிஸ்கின் முதல் 16 பிளாக்குகளுக்குள் ‘ஆர்டிஎஸ்கே’ என்ற நான்கெழுத்து முத்திரையைத் தேடுகிறது. கிடைத்தால் பார்ட்டிஷன் விவரமெல்லாம் அங்கிருந்தே வரும். ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் 1.3 ரோமிலேயே இல்லாததால், அதையும் அங்கேயே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள்.

இவ்வளவும் முடிந்து, பூட் செய்யத் தகுதியானவர்கள் வரிசையில் நிற்கும்போதுதான் சிக்கல். ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. உள்ளேயிருக்கும் ஃபிளாப்பி டிரைவுக்கு 5. ஹார்ட் டிஸ்க் பார்ட்டிஷனுக்கு வழக்கமாக 0. ஊர்த் திருவிழாவில் கோயில் கட்டக் காசு கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க, பரிவட்டம் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பழைய மிராசு வீட்டுக்கே போகிறதே, அந்த நியாயம்தான் இது. 880 கிலோபைட் ஃபிளாப்பி ஒன்று டிரைவில் கிடந்தால், 20 மெகாபைட் டிஸ்க் காத்திருக்க வேண்டியதுதான். டிஸ்கின் எண்ணை மாற்றிக்கொள்ளத் தடையேதுமில்லை. ஆனாலும் அறிந்தவர்கள் மாற்றுவதில்லை. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

இப்போது வாதி பிரதிவாதிகளைப் பார்ப்போம். முதலாமவர் கமடோரின் சொந்தப் பிள்ளையான ஏ590. 1989-இல் வந்தது. அமிகா 500-இன் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். தனக்கென்று தனி மின்வழங்கி வைத்திருக்கும். 2 மெகாபைட் வரை கூடுதல் ரேம் ஏற்கும். உள்ளேயிருக்கும் 20 மெகாபைட் டிஸ்க் மட்டும் விந்தையான பிறவி. பிற்காலத்தில் எங்கும் பரவிய ஐடிஇ வகையன்று அது. எக்ஸ்டி எனப்படும் 8-பிட் வகை. அது உயிரை விட்டால் அதே இனத்தில் மாற்று தேடி அலைய வேண்டும். நல்ல வேளையாக அதே பெட்டியில் ஸ்கஸி எனப்படும் வேறு வகை டிஸ்குகளுக்கான இணைப்பும் இருப்பதால், ஏ590 வைத்திருப்போர் பலர் மூல டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்கஸி வழியே வாழ்கிறார்கள்.

இரண்டாமவர் ஜிவிபி நிறுவனத்தின் ஹெச்டி8+. கமடோரைப் போலவே இதுவும் பென்சில்வேனியாக்காரர்களின் தயாரிப்பு. ஸ்கஸி டிஸ்க், 8 மெகாபைட் வரை ரேம், அமிகாவின் வடிவத்தோடு பொருந்திப் போகும் அழகான உடல். இவ்விரண்டின் ஆதரவாளர்களும் ஒருவரையொருவர் ஏளனம் செய்வதைக் கேட்பவர், உள்ளே வெவ்வேறு உலகங்கள் இருக்குமென்று நினைப்பார். திறந்து பார்த்தால் இரண்டிலும் ஸ்கஸி வேலையைச் செய்வது வெஸ்டர்ன் டிஜிட்டலின் 33சி93 குடும்பச் சிப்தான். அதை நினைவகத்தோடு இணைக்கும் சிப்பை மட்டும் அவரவர் தனியாகச் செய்துகொண்டார்கள். பங்காளிச் சண்டை என்று தெரிந்துவிட்ட பிறகு மத்தியஸ்தம் செய்யும் ஆர்வம் நமக்கும் குறைந்துவிடுகிறது.

ஆயினும் ஜிவிபியில் ஓர் உறுப்பு உண்டு. வேகவாதிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. என் ஆராய்ச்சியோ முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. அதன் பெயர் கேம் ஸ்விட்ச். தட்டினால் ஹார்ட் டிஸ்க், ரேம் எல்லாம் கணினியின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பணம் சேர்த்து வாங்கிய கருவியில், அதை இல்லாமல் ஆக்குவதற்கென்றே ஒரு பொத்தான். ஏ590-இன் பின்புறச் சிறு சுவிட்சுகளிலும் தானாகத் துவங்குவதைத் தடுக்கும் ஒன்று உண்டு. கன்ட்ரோலர் மட்டும் அங்கேயே இருக்கும்.

மறைய வேண்டிய அவசியம் என்ன? அமிகா 500 வாங்கப்பட்டதே பெரும்பாலும் விளையாட்டுக்காக. அந்த விளையாட்டுகளில் பல ஃபிளாப்பியிலிருந்து நேரே பூட் ஆகி, இயங்குதளத்தை வெளியே தள்ளிவிட்டு, கணினி முழுவதையும் தமதாக்கிக்கொள்பவை. நகலெடுப்பதைத் தடுக்க, அமிகாவின் இயங்குதளம் படிக்க முடியாத முறையில் டிஸ்கில் எழுதப்பட்டவை. ஹார்ட் டிஸ்குக்கு மாற்ற வழியில்லை. எதிர்பாராத இடத்தில் கூடுதல் ரேம் இருந்தால் சில விழுந்தும் போகும். ஹார்ட் டிஸ்கின் எண் ஏன் ஃபிளாப்பியின் 5-ஐத் தாண்டி உயர்த்தப்படுவதில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். ஆகவே நான் நிறுவும் அளவுகோல் இது: அமிகா கன்ட்ரோலரின் தரத்தை, அது எவ்வளவு நன்றாக விலகி நிற்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

எதிர்வாதம் வரும், வரட்டும். 1996-இல் டபிள்யூஹெச்டிலோட் வந்துவிட்டதே, ஃபிளாப்பி விளையாட்டுகளை ஹார்ட் டிஸ்கிலிருந்தே ஆடலாமே என்பார்கள். ஆடலாம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ரேம் போதுமானதாக இருந்தால் விளையாட்டின் கோப்புகளை முன்கூட்டியே அதில் ஏற்றிக்கொண்டு, இயங்குதளத்தை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறது. நடுவில் டிஸ்கைத் தொட வேண்டி வந்தால், ஒதுக்கிய இயங்குதளத்தைத் திரும்பக் கூப்பிட்டுப் படித்துவிட்டு மறுபடி அனுப்பிவைக்கிறது. அதாவது கேம் ஸ்விட்ச் செய்த வேலையையே மென்பொருள் நாசூக்காகச் செய்கிறது. எதிர்வாதம் நமக்குச் சான்றாகவே முடிந்தது.

இந்த அளவுகோலால் தரவரிசை தலைகீழாகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பின்னால் வந்த அமிகா 1200, ஐடிஇ இணைப்பைத் தாய்ப்பலகையிலேயே வைத்திருக்கிறது. அதை இயக்கும் டிரைவருக்கு ரோமில் ஸ்கஸி என்று பெயர் சூட்டியிருப்பது தனிக் குழப்பம். மெதுவாகச் சுழலத் தொடங்கும் சில பழைய டிஸ்குகளுக்காக அது நெடுநேரம் காத்திருப்பதில்லை. டிஸ்க் வேகமெடுப்பதற்குள் ஃபிளாப்பி கேட்கும் படத்தைத் திரையில் போட்டுவிடும். கண்ட்ரோலும் இரண்டு அமிகா விசைகளும் சேர்த்தழுத்தி மீண்டும் துவக்கினால்தான் வழிக்கு வரும். பாதி நேரம் விலகல், பாதி நேரம் பிடிவாதம். எனவே மூன்றாமிடம். ஒரே பொத்தானில் முழுதாக மறையும் ஜிவிபிக்கு இரண்டாமிடம். ஏ590-க்கு ஆறுதல் பரிசு.

முதலிடம் 1992-இல் வெளிவந்த அமிகா 600-க்கு. எல்லா 600-க்கும் அல்ல, 37.299 எண்ணுள்ள ரோமோடு வந்தவற்றுக்கு மட்டும். அவற்றின் பலகையில் ஐடிஇ இணைப்பு முறையாக இருக்கிறது. ரோமில் அதற்கான டிரைவர் இல்லை. டிஸ்கை மாட்டலாம். அது சுழலும், ஒலியெழுப்பும், சூடாகும். கணினிக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. பிழை திருத்திய 37.300 ரோமை வாங்கி மாற்றிக்கொள்ளும்படி பலர் அறிவுரை சொல்கிறார்கள். இக்கட்டுரையாளரின் பரிந்துரை, மாற்ற வேண்டாம் என்பதே. அப்படியானால் ஹார்ட் டிஸ்கே வாங்காமல் இருந்துவிடலாமே என்று ஆய்வு முறைமை அறியாத சிலர் கேட்கக்கூடும். விலகி நிற்க முதலில் ஓர் ஆள் வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.