மன்னருக்குக் கடன் கொடுத்த துறவிகள்

மன்னர் கடன்படுவது குற்றமில்லை. கடன் கொடுத்தவன் உயிரோடிருப்பதுதான் குற்றம். இந்த நீதியைப் பிரான்ஸ் நாட்டுக்கு முறைப்படி கற்பித்தவர் நான்காம் பிலிப். ‘அழகர் பிலிப்’ என்று வரலாறு இன்றும் அவரைக் கொஞ்சுகிறது. முகத்தைப் பார்த்து வைத்த பெயர் போலிருக்கிறது. கஜானாவைப் பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

போருக்குமேல் போர் நடத்திக் காலியான கஜானா அது. நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துப் பார்த்தார். இத்தாலிய வட்டிக்கடைக்காரர்களைப் பிடித்து உலுக்கினார். 1306 ஜூலையில் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினார். அவர்களுடைய வீடுவாசலை விற்றுக் காசாக்கியதோடு, அவர்களுக்கு ஊரார் தர வேண்டியிருந்த கடனையும் தாமே வசூலித்துக்கொண்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர் தாமே கொளுத்திவிட்டுப் பிடுங்கினவர். அந்த ஆண்டின் இறுதியில் நாணயக் குளறுபடியால் வாடகை மூன்று மடங்காகி, பாரிஸ் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மன்னர் ஓடி ஒளிந்த இடம் டெம்ப்ளர் துறவிகளின் கோட்டை. அடைக்கலம் கொடுத்த வீட்டின் சுவர் எவ்வளவு கனம், பெட்டகம் எவ்வளவு பெரிது என்று உள்ளிருந்தே பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. அடுத்த ஆண்டே நன்றிக்கடனைத் தீர்த்தார். அவர் வாழ்நாளில் ஒழுங்காகத் தீர்த்த கடன் அது ஒன்றுதான்.

டெம்ப்ளர்களுக்காக இப்போதே கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். அவர்களும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. 1119 வாக்கில் உக் தெ பாயென் என்ற பிரெஞ்சு வீரர் எருசலேமில் சில கூட்டாளிகளோடு துறவு விரதம் எடுத்தார். யாத்திரிகர்களை வழிப்பறிக்காரர்களிடமிருந்து காப்பது தொழில். அந்நகரை ஆண்ட இரண்டாம் பால்ட்வின், அல்-அக்ஸா மசூதியில் அவர்களுக்கு இடம் ஒதுக்கினார். சாலமோன் கட்டிய ஆலயம் அங்கேதான் இருந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. கிறிஸ்துவின் ஏழைப் படைவீரர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரே குதிரையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதுதான் முத்திரை. அந்த ஏழைகளின் நிலபுலன் போர்ச்சுகலில் தொடங்கிப் பாலஸ்தீனம்வரை நீண்ட பிறகும் முத்திரையில் குதிரை ஒன்றுதான். எளிமைக்கு வைத்த விளம்பரப் பலகையை எந்த மடமும் அவ்வளவு சுலபத்தில் கழற்றுவதில்லை.

1129இல் திருவா நகரத்தில் கூடிய திருச்சபைப் பேரவை இவர்களுக்கு ஒழுக்க விதிகளை வகுத்தது. வாரம் மூன்று நாள்தான் இறைச்சி. கூர்முனைச் செருப்பு கூடாது. பெற்ற தாயைக்கூட முத்தமிடக் கூடாது. வேட்டையாடக் கூடாது, சிங்கத்தைத் தவிர. மனிதரைக் கொல்வது? அதற்குக் கிளேர்வோ மடத்துப் பெர்னார் ஒரு தனி நூலே எழுதிக் கொடுத்தார். வேற்று மதத்தானை வெட்டினால் அது மனிதக் கொலை ஆகாதாம், தீமையைக் கொன்றதாகுமாம். கொன்றால் பாவம், தின்றால் போச்சு என்று நம்மூரில் ஆட்டுக்கறிக்குச் சொல்லும் சமாதானத்தை, தின்ன வேண்டிய அவசியம்கூட இல்லாமல் செய்துகொடுத்த மகான். பின்னர் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாயின் கன்னத்தில் முத்தம் பாவம், அடுத்தவன் கழுத்தில் கத்தி புண்ணியம். இந்தக் கணக்கை ஒப்பி 1139இல் போப்பாண்டவர் வரிவிலக்கும் கொடுத்தார். போப்பைத் தவிர வேறு எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்றார்.

பிறகு பணம் கொட்டியது. பாரிஸில் செலுத்திவிட்டுச் சீட்டைக் காட்டி எருசலேமில் பெற்றுக்கொள்ளலாம். பிரான்ஸ் அரசின் கஜானாவே அவர்கள் கோட்டையில்தான் இருந்தது; மன்னரும் அவர்களிடம் கடன்பட்டார். போரில்தான் அவ்வளவு அதிர்ஷ்டமில்லை. 1187இல் ஹத்தீன் போரில் சுல்தான் சலாவுதீனிடம் சிக்கிய டெம்ப்ளர்கள் வரிசையாக வெட்டப்பட்டார்கள். அவர்களை அந்தச் சாவுக்கு இழுத்துப்போன தலைவர் மட்டும் உயிர் தப்பினார். 1291இல் ஏக்கர் கோட்டை விழுந்தது. புனித பூமி கைவிட்டுப் போயிற்று. காவலுக்கு யாத்திரிகரும் இல்லை, வெட்டுவதற்கு ஆளும் இல்லை. மிச்சமிருந்தது சொத்து மட்டும். வேலை போய்ச் சொத்து மட்டும் மிஞ்சிய துறவிக்கு என்ன ஆகும் என்று பாரிஸில் ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

1307 அக்டோபர் 12. மன்னரின் தம்பி மனைவிக்கு இறுதிச் சடங்கு. டெம்ப்ளர்களின் தலைவர் ழாக் தெ மொலே பாடை தாங்கியவர்களில் ஒருவர். அரச குடும்பத்தோடு தோளோடு தோளாக நடக்கும் கௌரவம்! அவரைப் பிடிக்கும் உத்தரவு ஒரு மாதம் முன்பே, செப்டம்பர் 14 அன்றே எழுதி முத்திரையிட்டு ஊர் ஊராக அனுப்பியாயிற்று. மறுநாள், வெள்ளிக்கிழமை 13 விடியலில், நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத பாணியில், எழுதவே நெஞ்சு பதறுகிறது என்று தொடங்கியது அந்த உத்தரவு. குற்றச்சாட்டுகள்: சிலுவையில் துப்பினார்கள், கிறிஸ்துவை மறுதலித்தார்கள், ஆபாசமாக முத்தமிட்டுக்கொண்டார்கள், ஒரு தலையை வைத்துக் கும்பிட்டார்கள்.

இதையெல்லாம் தொகுத்து வழக்கு நடத்தியவர் கியோம் தெ நொகாரே. நான்கு ஆண்டுகளுக்கு முன் அனாக்னி ஊரில் போப் எட்டாம் போனிஃபாஸின் அரண்மனைக்குள் ஆயுதத்தோடு புகுந்து அவரைச் சிறைவைத்து, அதற்காகத் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டவர். அவர்தான் பிறருடைய பக்தியில் குறை கண்டுபிடித்தவர். தடி எடுத்தவன் தண்டல்காரன் என்றால், தடியைப் போப்பின் மேலேயே ஓங்கினவன் வேதவிசாரணைக்குத் தலைமை தாங்குவதில் என்ன வியப்பு?

பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் வாள் பிடித்தவர்களே அல்லர். உழவு, ஆடுமாடு, கணக்கு, சமையல் என்று பண்ணைகளில் உழைத்த ஏவல் சகோதரர்கள், வயோதிகர்கள். கிழக்கே வாள் சுழற்றிப் பேர் வாங்கியவர்கள் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள். அவர்களுக்காக அடி வாங்க மேய்ப்பர்கள் கிடைத்தார்கள். பாரிஸில் 138 பேரை விசாரித்தார்கள். 134 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எப்பேர்ப்பட்ட வெற்றி! எப்படி வென்றார்கள் என்பதைப் பெர்னார் தெ வாதோ என்ற குருவானவர் பின்னர் காட்டினார். அவர் பாதங்களை நெருப்பில் அவ்வளவு நேரம் வாட்டியிருந்தார்கள். சில நாட்களில் குதிகால் எலும்புகள் கழன்று விழுந்தன. அவற்றை எடுத்து வைத்திருந்து போப் நியமித்த ஆணையத்தின் முன் நீட்டினார். எமெரி என்ற மற்றொருவர், கேட்டால் கடவுளைக் கொன்றதே நான்தான் என்றுகூட ஒப்புக்கொள்வேன் என்று அதே ஆணையத்திடம் சொன்னார். எழுத்தர் அதையும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டார். எலும்புக்கும் ஒரு வரி, கண்ணீருக்கும் ஒரு வரி.

பிரான்ஸுக்கு வெளியே நடந்ததுதான் வேடிக்கை. சைப்ரஸில் விசாரித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அரகானிலும் அப்படியே. இங்கிலாந்தில் வாக்குமூலமே வரவில்லை என்று போப் கோபித்துக்கொண்டு, ஏன் இன்னும் சித்திரவதை செய்யவில்லை என்று கேட்டு எழுதினார். ஒரே சங்கம், ஒரே விதி, ஒரே அங்கி. ஆனாலும் பிசாசு மட்டும் பிலிப்பின் அதிகாரம் செல்லும் எல்லைக்குள்தான் குடியிருந்திருக்கிறது. பட்டா பார்த்துக் குடியேறுகிற பிசாசு போலும்.

கும்பிட்டார்களாமே, அந்தத் தலை என்னவாயிற்று? தேடினார்கள். பாரிஸ் கோட்டையில் ஒரு பெண் தலை வடிவத்தில் வெள்ளிப் பேழை கிடைத்தது. உள்ளே துணியில் சுற்றிய சிறு மண்டையோட்டு எலும்புகள். கூடவே ‘தலை 58’ என்று ஒரு சீட்டு. எந்த மாதா கோவிலிலும் மெழுகுவர்த்தி ஏற்றி வணங்கும் புனிதச் சின்னம் போன்ற ஒன்று. அதற்காக வழக்கு நின்றுவிடுமா? 1310இல் ஆணையத்தின்முன் தங்கள் சங்கத்துக்காகப் பேச நூற்றுக்கணக்கானவர்கள் துணிந்து வந்தார்கள். வாக்குமூலத்தை மாற்றிப் பேசினால் மனந்திரும்பி மறுபடி கெட்ட பதிதர்களாம். சான்ஸ் பேராயர் ஒரே நாளில், மே 12 அன்று, 54 பேரைப் பாரிஸுக்கு வெளியே கம்பங்களில் கட்டிக் கொளுத்தினார். பேராயரின் பெயர் பிலிப் தெ மாரிஞ்ஞி. மன்னரின் பிரதான மந்திரிக்குத் தம்பி. அதன்பின் சாட்சிக்கு வந்தவர்கள் தொகை எப்படிக் குறைந்தது என்று யாரும் வியந்து எழுதவில்லை.

போப் ஐந்தாம் கிளெமென்ட் பிள்ளையையும் கிள்ளினார், தொட்டிலையும் ஆட்டினார். 1308இல் சீனோன் கோட்டைக்குத் தம் கர்தினால்களை அனுப்பி, மொலே உள்ளிட்ட தலைவர்களுக்குப் பாவமன்னிப்பு கொடுத்தார். மன்னித்தவரை விடுவிக்க மாட்டேன் என்பது அவருடைய இரக்கத்தின் தனி ரகம். வியென் நகரில் கூடிய திருச்சபைப் பேரவைக்கு வந்த ஆயர்களில் பெரும்பாலோர் டெம்ப்ளர்கள் தங்கள் தரப்பைச் சொல்லட்டும் என்றார்கள். 1312 மார்ச் 20 அன்று பிலிப் படையோடு ஊருக்குள் வந்தார். இரண்டே நாளில் போப்புக்கு ஞானோதயம். டெம்ப்ளர் சங்கம் கலைக்கப்பட்டது. குற்றம் நிரூபணமானதால் அல்ல; பெயர் கெட்டுவிட்டதாம், அதனால். பெயரைக் கெடுத்தவன் சபையில் நாற்காலி போட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தான். அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போது யாராவது வாய் திறந்தால் சபைவிலக்கு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்.

சொத்தெல்லாம் ஹாஸ்பிட்டலர் என்ற இன்னொரு துறவிப் படைச் சங்கத்துக்கு என்று ஆணை வந்தது. பிலிப் வெறுங்கையோடு போனாரா? டெம்ப்ளர்கள்தாம் அரச கஜானாவுக்குப் பாக்கி என்று ஒரு கணக்கை நீட்டினார். 2 லட்சம் லீவ்ர் கறந்த பிறகே விட்டார். பிறகு வழக்குச் செலவுக்கென்று தனித்தொகை. சிறையிலடைத்த செலவு, விசாரித்த செலவு எல்லாம் செத்தவன் கணக்கில். வாதோவின் பாதம் வேகும்வரை எரிந்த விறகுக்கும் யாரோ பில் போட்டிருப்பார்கள்.

1314 மார்ச்சில், பல ஆண்டுச் சிறைக்குப்பின், மொலே கூட்டத்தின் முன் எழுந்து தன் வாக்குமூலம் பொய் என்றார். அன்று மாலையே சேன் நதித் தீவொன்றில் அவரையும் இன்னொரு தலைவரான ஜோஃப்ருவா தெ சார்னேயையும் எரித்தார்கள். இங்கே வரலாறு முடிந்து வியாபாரம் தொடங்குகிறது. தீக்குள்ளிருந்து மொலே சாபம் விட்டாராம். ஏப்ரலில் போப் இறந்தார், நவம்பரில் மன்னர் இறந்தார், சாபம் பலித்துவிட்டது! சாபத்தில் நொகாரேயின் பெயரும் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர் 1313இலேயே இறந்துவிட்டார். சாபம் முன்தேதியிட்டுப் பலித்ததுபோலும். போப் பல வருடங்களாக நோயாளி. ஆனால் சாபம் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு: கடவுள் பார்த்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டால், மனிதர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அதன்பின் கதைகள் பெருத்தன. பாஃபோமெத் என்று வாக்குமூலத்தில் ஒரு பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் எலிஃபாஸ் லெவி என்பவர் அதற்கு ஆட்டுத்தலையும் இறக்கையும் வரைந்தார். ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தாருக்கு ஒரு பழைய வம்சம் தேவைப்பட்டது, டெம்ப்ளர்கள் கிடைத்தார்கள். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் தேவாலயத்தில் டெம்ப்ளர் ரகசியம் இருக்கிறதாம். அதற்கு அடிக்கல் விழுந்ததே சங்கம் கலைந்து 130 ஆண்டுகளுக்குப் பிறகு. கனடாத் தீவில் புதையலுக்குக் குழி தோண்டுகிறார்கள். கைது நாளன்று நார்மண்டிப் பண்ணைகளில் எடுத்த பட்டியலில் இருந்தவை மாடு, ஆடு, பன்றி, தானியம், பானை. இந்தப் பட்டியலை வைத்து ஒருவரும் படம் எடுக்க மாட்டார்கள்.

உண்மையான வாரிசைத் தேட வேண்டுமானால் கடலோரம் பார்த்தால் போதும். போர்ச்சுகல் மன்னர் டெனிஸ், டெம்ப்ளர் சொத்தைக்கொண்டு 1319இல் கிறிஸ்துவின் சங்கம் என்ற பெயரில் கடையைத் திரும்பத் திறந்தார். பிறகு அதன் வருமானம் கப்பல்களுக்குப் போயிற்று. அதன் சிவப்புச் சிலுவையைப் பாய்மரத்தில் ஏற்றிக்கொண்டுதான் 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரைக்கு வந்தார். இரண்டாம் முறை வந்த 1502இல், மெக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு திரும்பிய கப்பலை மடக்கி, பொருளைப் பிடுங்கிக்கொண்டு, பெண்களும் குழந்தைகளும் உள்ளிருக்கக் கொளுத்தினார். யாத்திரிகர்களைக் காக்கக் கிளம்பிய சிலுவை அது! இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆகவே மர்ம நாவலாசிரியர்களுக்கு இதில் வேலை இல்லை. சிலுவையின் பயணமும் நிற்கவில்லை. 2011இல் மெக்சிகோவில் எலுமிச்சைத் தோட்டக்காரர்களிடம் மாமூல் பறித்த போதைக் கும்பல் ஒன்று டெம்ப்ளர் பெயரைச் சூட்டிக்கொண்டு ஒழுக்கக் கையேடு அச்சிட்டது. அதே ஆண்டில் நார்வேயில் ஒருவன் டெம்ப்ளர் வீரன் என்று சொல்லிக்கொண்டு 77 பேரைக் கொன்றான். அவர்களில் பலர் பதின்வயதுப் பிள்ளைகள். பெர்னார் எழுதிக் கொடுத்த கணக்கு இன்னும் செல்லுபடியாகிறது.

சீனோன் மன்னிப்புக்கு வருவோம். 2001இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில், தவறான இடத்தில் வைக்கப்பட்டிருந்த அந்தத் தோற்சுருளை வரலாற்றாய்வாளர் பார்பரா ஃப்ராலே கண்டெடுத்தார். உலகமே அதிர்ந்ததாம். சீனோன் விசாரணை பற்றிய இன்னொரு ஆவணத்தை எத்தியென் பலூஸ் என்பவர் 1693இலேயே அச்சிட்டு வெளியிட்டிருந்தார். முந்நூறு ஆண்டு யாருக்கும் படிக்க நேரமில்லை. 2007இல் வத்திக்கான் விசாரணை ஆவணங்களின் அச்சுப்பிரதியை வெளியிட்டது. தோலுறை, அரக்கு முத்திரைகளின் நகல் எல்லாம் உண்டு. மொத்தம் 799 படிகள், படி ஒன்று 5,900 யூரோ. எழுநூறு ஆண்டு தாமதித்த மன்னிப்புக்கு இந்த விலை அதிகம் என்று நினைக்கும் ஏழை வாசகர்கள் மனம் தளர வேண்டாம். ஆட்டுத்தலைப் படம் போட்ட பனியன் எங்கும் மலிவாகவே கிடைக்கிறது.