போலிக்கண்ணியல்: நான்கு நூற்பாக்களும் உரையும்

பாயிரம்

உலகத்துக் கண்கள் இருவகைப்படும். பார்ப்பவை ஒருவகை, பார்ப்பதாகக் காட்டிக்கொள்பவை மறுவகை. முதல் வகையை ஆராயக் கண் மருத்துவர் முதல் காதற்கவிஞர் வரை ஏராளம் பேர் இருக்கிறார்கள். இரண்டாம் வகையைக் கேட்பாரில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இந்நூல். ஆய்வுக்களம்: ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, ஒரு நந்தியாவட்டை, ஒரு வேலி ஆகியன அடங்கிய கொல்லைப்புறம். ஆய்வுக்கருவி: ஈஸிசேர். நிதிநல்கை: எவரும் நல்கிலர்.

நூற்பா 1: காணும் கண் சிறுக்கும், காணாக் கண் பெருக்கும்.

உரை: வேலியோரத்து ஓணானின் உச்சந்தலையில், ஒரு செதிலுக்கு அடியில், சிறு புள்ளியொன்று உண்டு. அது மூன்றாவது கண். வில்லை உண்டு, விழித்திரை உண்டு, மூளையோடு நரம்புத் தொடர்பும் உண்டு. உருவம் எதுவும் அதற்குத் தெரியாது. வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்பது மட்டும் தெரியும். எவ்வளவு நேரம் வெயில் காயலாம் என்று ஓணான் முடிவெடுக்க அந்த அளவு போதும். நியூசிலாந்தின் டுவாட்டாரா என்னும் ஊர்வன விலங்குக்கும் இதுபோல் உண்டு என்பதை 1886-இல் பால்டுவின் ஸ்பென்சர் விரிவாக எழுதினார். பல்லிக்கு இல்லை. இருந்தும் நம் பஞ்சாங்கங்கள் பல்லிக்கு விழும் பலன், சொல்லும் பலன் என்று பக்கம் ஒதுக்குகின்றன. உச்சியில் கண் வைத்திருக்கும் ஓணானுக்குக் கிடைப்பதோ சிறுவர்களின் கல்லடி. இது துறைசார் அநீதி என்க.

தேனீயும் இவ்வினத்ததே. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய கூட்டுக்கண்கள் போக, தலையுச்சியில் மூன்று எளிய கண்கள் அதற்கு உண்டு. வெளிச்சத்தை அளப்பதும், பறக்கையில் உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்வதும் அவற்றின் பணி. அம்மூன்றையும் ஆய்வாளர்கள் மூடிப் பார்த்தபோது, தேனீ காலையில் தாமதமாக வேலைக்குக் கிளம்பியது. மாலையில் சீக்கிரமே கூடு திரும்பியது. இதே நடத்தையை வேறு சில பணியிடங்களிலும் காணலாம். அங்கே மூடப்பட்டது எது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனிக் காணாக் கண். மயில்தோகையில் ஏறத்தாழ 150 கண்கள். ஒன்றுக்கும் பார்வை இல்லை. மயிலிறகைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று 1860-இல் டார்வின் தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதினார். பிழைப்புக்கு உதவாத இந்த ஆடம்பரம் எப்படி வந்தது என்பது அவர் கவலை. வால்மீகிக்கு அக்கவலை இல்லை. மருத்தன் என்ற அரசனின் வேள்விக்கு இராவணன் வந்துவிடவே, தேவர்கள் ஆளுக்கொரு பிராணியின் உருவில் ஒளிந்தார்கள் என்கிறது உத்தர காண்டம். இந்திரன் மயிலானான்; குபேரன் ஓணானானான். ஆபத்து நீங்கியதும் இந்திரன் தன் ஆயிரம் கண்ணை மயிலின் தோகைக்கும், குபேரன் பொன்னிறத்தை ஓணானின் தலைக்கும் நன்றிக்கடனாகத் தந்தார்கள். பட்டுவாடாவில் நேர்ந்த குளறுபடியைக் கவனிக்க: கண் போய்ச் சேர்ந்த இடத்தில் பார்வை இல்லை, பொன் போய்ச் சேர்ந்த தலையில் கண் இருக்கிறது. அது குபேரனின் கணக்கில் ஏறாத வரவு.

நூற்பா 2: அஞ்சுவது கண் அணியும்.

உரை: எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் பட்டாம்பூச்சிகள் உண்டு. அவற்றின் புழு இளமையில் பறவை எச்சம் போல் கிடக்கும். இதைவிட அடக்கமான வேடம் வேறில்லை. வளர்ந்து பச்சை நிறம் பெற்றதும், புடைத்த முன்னுடம்பின்மேல் இரண்டு கண்கள் முளைக்கும். அவை சாயம் மட்டுமே. மெய்யான தலை அதற்கும் கீழே ஒடுங்கியிருக்கும். அதன் இருபுறமும் பக்கத்துக்கு ஆறாகப் பொட்டுப் பொட்டாய் எளிய கண்கள். பார்க்கும் பன்னிரண்டும் கடுகினும் சிறியவை. பாராத இரண்டும் ஊரையே மிரட்டும். முதல் நூற்பாவுக்கு இதைவிடச் சான்று வேண்டுவோர் புழுவைத் தொட்டுப் பார்க்கலாம். கழுத்தருகே கவட்டை போன்ற உறுப்பொன்றை நீட்டி, மறக்கவொண்ணாத நாற்றத்தால் மறுமொழி தரும். நந்தியாவட்டையிலும் அரளியிலும் வாழும் பருந்துப்பூச்சியின் புழுவோ, நடுவில் வெண்மை கொண்ட இரு நீலக் கண்களைத் திடீரென விரித்துக் காட்டும்.

இது பலிக்குமா? 2005-இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஐரோப்பிய மயில் பட்டாம்பூச்சிகளைச் சிறு பறவைகளின் முன்னே விட்டார்கள். சிறகின் கண்கள் அப்படியே இருந்த 34-இல் ஒன்று மட்டும் இரையானது. கண்கள் மைபூசி மறைக்கப்பட்ட 20-இல் 13 இரையாயின. கண்ணை இழத்தல் குருடர்க்கும் நட்டமே என்பது இதனால் பெறப்படும்.

நூற்பா 3: வரைந்த கண்ணும் காவல் காக்கும்.

உரை: போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ பகுதியில் மேயப்போகும் மாடுகளைச் சிங்கம் பதுங்கியிருந்து அடிக்கும். ஆய்வாளர்கள் நான்கு ஆண்டுகள், 14 மந்தைகளில், சில மாடுகளின் பின்புறத்தில் இரண்டு கண்களை வரைந்து அனுப்பினார்கள். முடிவு 2020-இல் வெளியானது. கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றும் சாகவில்லை. வெறுமனே போன 835-இல் 15 மாண்டன. பதுங்கியதை இரை பார்த்துவிட்டால் சிங்கம் எழுந்து போய்விடும் என்பதே இதன் சூட்சுமம். தன்னைப் பார்த்தது மாட்டின் எந்தப் பக்கம் என்று அது விசாரிப்பதில்லை.

விலங்கரசனுக்கே இந்நிலை என்றால் மனிதர் எம்மாத்திரம்? நியூகாசில் பல்கலைக்கழகத்தில், தேநீருக்கான காசைத் தாமே பெட்டியில் போடும் ஓர் அறையில், விலைப்பட்டியலின்மேல் ஒரு வாரம் பூப்படமும் மறுவாரம் கண்படமும் மாறி மாறி ஒட்டினார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில், கண் இருந்த வாரங்களில் ஏறத்தாழ மூன்று மடங்கு காசு சேர்ந்தது. அறையில் இருந்தவர்கள் படித்தவர்கள் என்பதையும் சேர்த்துக் கொள்க.

தடை: அது கண்ணென்று அஞ்சியன்று, பளிச்சென்று இருப்பதால் மிரளுதலே என்பார் உளர். கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ஸ்டீவன்ஸ் குழுவினர் காகித அந்துப்பூச்சிகளை மரத்தில் குத்திவைத்துச் சோதித்தபோது, வட்டக் குறிகள் தந்த பாதுகாப்பைப் பளிச்சென்ற பிற குறிகளும் தந்தன. 2008-இல் இதை எழுதினார்கள்.

விடை: அற்றன்று. மேற்சொன்ன மந்தைகளில் 543 மாடுகளுக்குக் கண்ணுக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அவற்றில் இறந்தவை 4. வெற்று மாட்டைவிட இது மேல். கண் மாட்டைவிடக் கீழ். எனவே பளிச்சென்றிருத்தல் பாதுகாக்கும், கண்ணாயிருத்தல் கூடுதலாகப் பாதுகாக்கும் என இருசாரார்க்கும் பங்கு பிரித்துக் கொடுத்து அமைக.

நூற்பா 4: பருவம் அறிந்து கண் திறக்கும்.

உரை: அந்தியில் புல்லோரம் தத்திப் பறக்கும் பழுப்புப் பட்டாம்பூச்சியொன்று நம்மூரில் உண்டு. மழைக்காலத்தில் பிறந்தால் சிறகின் அடிப்புற ஓரமெங்கும் வளையமிட்ட கண்கள். கோடையில் பிறந்தால் கண்கள் சுருங்கிப் போய் முழுச் சருகு. மழைக்காலத்தில் அது சுறுசுறுப்பாகத் திரியும். கொத்தவருவது உடம்பை விட்டு ஓரத்துக் கண்ணைக் கொத்திவிட்டுப் போகட்டும் என்பது ஏற்பாடு. வறட்சியில் சருகோடு சருகாய் அசையாதிருப்பதே பிழைப்பு. அப்போது கண் காட்டுவது தற்கொலை. தணிக்கைக் குழு வரும் வாரத்தில் மட்டும் விழித்திருந்து, மற்ற நாளில் சருகாய்க் கிடக்கும் அலுவலகங்கள் இந்த நூற்பாவுக்குள் அடங்குமா என்று மாணாக்கர் கேட்பர். அடங்கும்.

பயன்

பாதி எழும்பிய கட்டடத்தில் முழிபிதுங்கத் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காயும், கேமரா இல்லாத சுவரில் ‘கேமரா கண்காணிக்கிறது’ என்று எழுதிய பலகையும் மூன்றாம் நூற்பாவின் நேர் வழித்தோன்றல்கள். அப்படியொரு பலகையைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போகும்வரை அது காவலே எனக் கொள்க.

இந்நூலும் எதிர்க்கேள்விக்கு அஞ்சுவதே. ஆகவே இரண்டாம் நூற்பாப்படி இதற்கும் ஒரு கண் வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்தில் நீட்டியதும், பிரித்துப் பார்க்காமலே கடைசிப் பக்கத்தில் ஊதா மையால் குத்தித் தந்தார்கள். வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், நடுவில் கறுத்ததொரு சுழிப்பு. அதன்பின் இந்நூலை மறுக்க வந்தவர்கள் எல்லாரும் முத்திரையைப் பார்த்துவிட்டு, “சரிங்க ஐயா” என்று திரும்பிப் போனார்கள்.