கண்மட்டக்காரர்

நின்றுகொண்டு எடுத்த பறவைப் படம் எதையும் இவரிடம் காட்டிவிடாதீர்கள். உதட்டைப் பிதுக்கி, "டாப் ஆங்கிள் சார்" என்பார். செவ்வாய் தோஷம் இருக்கிறது என்று ஜோசியர் சொல்வாரே, அதே குரல். "உள்ளானோட கண்ணு எங்க இருக்கோ அங்கதான் நம்ம லென்ஸ் இருக்கணும். ஐ லெவல் சார், ஐ லெவல்!"

கொசு உள்ளானின் கண் தரையிலிருந்து நாலு விரல்கடை உயரத்தில் இருக்கிறது. இவருடைய உயரத்தையும் இடுப்பளவையும் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவர் வீட்டம்மா இந்தப் பத்திரிகையைப் படிப்பவர். ஆகவே பொதுவாகவே சொல்லிவைக்கிறேன்: இந்த வகையினர் சேற்றைக் கண்டால் குப்புறப் படுத்துவிடுவார்கள்.

படுப்பதற்கு முன் முழங்கைக்கும் முட்டிக்கும் உறை மாட்டுவார்கள். பிறகு பையிலிருந்து ஆம்லெட் போடும் ஃப்ரைபேன் வெளியே வரும். நடுவில் ஓட்டை போட்டு, போல்ட் முடுக்கி, அதன்மேல் ட்ரைபாட் தலையைப் பொருத்தியிருப்பார்கள். லென்ஸைத் தாங்கிக்கொண்டு சேற்றில் அது வழுக்கி வழுக்கிப் போகும். நல்ல யோசனைதான், வெளிநாட்டிலும் செய்கிறார்கள். ஓட்டை போடப்பட்ட ஃப்ரைபேன் பழசா புதுசா என்பது மட்டும் அந்த வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

நம் கரையில் காலைச் சூரியன் கடல் பக்கமிருந்து வருகிறது. கடலைப் பார்த்துப் படுத்தால் பறவை வெறும் கறுப்பாகத்தான் விழும். அதனால் பழவேற்காட்டில் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டுக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்துப் படுக்க வேண்டுமாம். வெயில் ஏறுவதற்குள் படுத்தாக வேண்டுமென்பதால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். ஆசை அவருடையது. கார் என்னுடையது.

அங்கே ஆரம்பிக்கும் ஊர்வலம். முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஃப்ரைபேனை ஒரு சாண் தள்ளி, நிற்பார். உள்ளான் தலையைத் தூக்கினால் இவருக்கு உயிர் போய்விடும். அது மறுபடி சேற்றைக் கொத்தத் தொடங்கினால் திரும்ப வரும். கால் மணி நேரத்தில் ஒரு பாய் நீளம் போயிருந்தால் அதிகம். பின்னால் இருக்கிற நாமும் அசையக் கூடாது. கொசுவை அடிக்கக் கூடாது. தும்மல் வருகிறது என்றால், "அஞ்சு நிமிஷம் அடக்குங்க சார்." உத்தரவெல்லாம் காலால்தான்: இடது கால் ஆடினால் உட்கார், வலது கால் ஆடினால் அசையாதே. ஒருநாள் இரண்டு காலும் ஒன்றாக உதறின. இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கட்டெறும்பு.

இவ்வளவு ஊரவே வேண்டாம் என்பதுதான் வேடிக்கை. உள்ளான் தண்ணீரோரமாகவே மேய்ந்துகொண்டு வரும். அது வருகிற வழியில் முன்கூட்டியே போய்ப் படுத்துச் சும்மா கிடந்தால் தானாகப் பக்கத்தில் வந்துவிடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். சும்மா கிடக்க மட்டும் அவருக்கு வராது.

போன மாசி மாதம் அப்படி ஒன்று வந்தேவிட்டது. இவருடையது 600 எம்எம் லென்ஸ், இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். நாலரை மீட்டருக்குள் எது வந்தாலும் அதற்குக் கண் தெரியாது. பறவை அந்த எல்லையைத் தாண்டி, அவர் மூக்குக்கு நேரே நின்று புழு இழுக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் தேடுகிறது. ஊர்ந்து பழகியவருக்கு ரிவர்ஸ் தெரியாது. கடைசியில் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, வாயைத் திறந்தபடி வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டே கிடந்தார். அது போன பிறகு, "முப்பது கிராம்கூட இருக்காது சார். சைபீரியாவுலேர்ந்து வருது" என்றார். தாடையெல்லாம் சேறு. அந்த நேரத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கொஞ்ச நேரம்தான். ஏரியில் ஓர் அம்மா பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். தினமும் பார்க்கிற ஆள் என்பதால் உள்ளான்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை; எட்டித் தொடும் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் ஃப்ரேமுக்குள் வருகிறாராம். படுத்தபடியே இவர் கையை வீசி, "ஓரமா போம்மா!" என்று கத்தினார். மொத்தக் கூட்டமும் எழுந்து அக்கரைக்குப் போய்விட்டது.

இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா பிழைக்கிற இடம் அது. நாம் போனது பொழுதுபோக்குக்கு. உள்ளான்களுக்கோ பங்குனி, சித்திரையில் ஊர் திரும்ப வேண்டும்; அதற்குள் தின்று தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும். ஒவ்வொரு தடவை கிளப்பிவிடும்போதும் தின்கிற நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது. இதுவும் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் இதைப் பற்றித்தான் பேசுகிறார்.

திரும்பும்போது அதே அம்மாவிடம் அரைக் கிலோ இறால் வாங்கினார். பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்தார். சேறும் சட்டையுமாக என் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இறால் பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வீட்ல கேட்டா இது வாங்கத்தான் வந்தோம்னு சொல்லிடுங்க சார்."