தகடூர் மாமா

தருமபுரிப் பக்கத்துச் சொந்தபந்தங்களை அலசிப் பார்த்தால் எப்படியும் ஒரு தகடூர் மாமா அகப்பட்டுவிடுவார். ‘தருமபுரி’ என்று ஊர்ப்பெயரை யாராவது சொன்னால் அவர் முகம் லேசாகச் சுருங்கும். அவருக்கு அது இன்றைக்கும் பழைய பெயரில் தகடூர்தான். வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே அச்சடித்துவிடுவார். வெளியூர் விருந்தாளிகள் முகூர்த்தம் முடிந்தபின் வந்து சேருவார்கள்.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மின்வாரியத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும் இருந்திருக்கலாம். வரலாற்று வாத்தியார்களுக்கு இந்தப் பித்து பிடிப்பதில்லை. அவர்கள் முப்பது வருஷம் அதே பாடத்தை நடத்திக் களைத்தவர்கள். ஓய்வுக்குப் பிறகு சீரியல் பார்க்கிறார்கள். தகடூர் மாமாவோ பென்ஷன் வாங்கத் தொடங்கிய மாதமே தோளில் ஒரு ஜோல்னாப் பையை மாட்டியவர். கல்வெட்டைச் சாய்வெளிச்சத்தில் பார்க்க ஒரு டார்ச், கல்லைத் துடைக்கப் பழைய வேட்டிக் கிழிசல், தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலின் ஜெராக்ஸ் எல்லாம் அதற்குள் இருக்கும். குடிக்கத் தண்ணீர் மட்டும் இருக்காது. அது அத்தையின் பொறுப்பு.

பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்ததும், “ஒருநாள் எல்லாரும் வெளியே போலாம்” என்று வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். தருமபுரி வீடுகளில் ‘வெளியே’ என்றால் ஒகேனக்கல்தான். எண்ணெய் தேய்த்துவிடுபவரிடம் முதுகைக் கொடுத்து, அருவியில் நின்று, பரிசலில் சுற்றி, பொரித்த மீனோடு சோறு சாப்பிட்டுத் திரும்புவது. ஊரிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு. இதில் குழப்பம் வர வழியே இல்லை, மாமா வாயைத் திறக்காதவரை.

“போலாம். வழியிலதான் நாலு இடம் இருக்குது, அப்படியே பார்த்துக்கிட்டுப் போயிடலாம்.”

இந்த ‘வழியிலதான்’ என்ற சொல்லை நம்பி வேனில் ஏறியவர்கள் பல பேர். அவர் வழியில் என்று சொல்லும் அதியமான்கோட்டை சேலம் ரோட்டில், தெற்கே இருக்கிறது. ஒகேனக்கல்லோ பென்னாகரம் ரோட்டில், மேற்கே. மாமாவின் வரைபடத்தில் திசைகள் கிடையாது, நூற்றாண்டுகள் மட்டுமே உண்டு.

போன வருஷத்திலிருந்து அவர் வேகம் கூடியிருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொந்தத்தில் ஒரு பெண் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். குடும்பத்தோடு லட்லோ என்ற பழைய சந்தை ஊருக்குப் போய்வந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்களாகக் கொட்டிவிட்டாள். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கிய கோட்டை, அதன் வாசலுக்கு எதிரே இன்றும் கூடுகிற சந்தை, கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாகச் சாய்ந்து நிற்கும் வீடுகள், கையில் கேக்கோடு மாப்பிள்ளை. குழுவில் எல்லோரும் இதயம் போட்டார்கள். மாமா மட்டும் எழுதினார்: “பதினோராம் நூற்றாண்டா? நம்ம அதியமான் சங்க காலம்மா.” அதோடு விட்டாரா? ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று: “அங்க கோட்டை பார்க்க டிக்கெட். இங்க எல்லாமே ஓசி. ஆனா பார்க்கத்தான் ஆள் இல்ல.” இரண்டாவது செய்திக்கு யாரும் இதயம் போடவில்லை. உள்ளபடி சொன்னால், அதில் நியாயம் இருந்தது.

ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. வேன் ஒன்பதரைக்கு நகரும். முதலில் நடக்கிற தூரத்தில் இருக்கும் கோட்டைக் கோயிலுக்கே வேனில் போவார்கள். மல்லிகார்ஜுனருக்கும் காமாட்சிக்குமான கோயில். நுளம்பர் காலத்துக் கட்டுமானம், காமாட்சி சந்நிதியின் அடித்தளத்தைச் சுற்றிச் சாண் உயரத்தில் ராமாயணக் காட்சிகள் என்று மாமா தொடங்குவார். பிள்ளைகளுக்கு அதெல்லாம் வேண்டாம். தொங்கும் தூண் வேண்டும். தரையைத் தொடாமல் நிற்கும் அந்தத் தூணின் அடியில் செய்தித்தாளை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்துக் காட்டும்போது மாமாவின் முகத்தில் தானே செதுக்கியது போன்ற ஒரு பெருமிதம். பேரன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்பான், “தாத்தா, கட்டினவங்க அளவு தப்பாப் போட்டுட்டாங்களா?”

கணக்கு வாத்தியார் என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் நொந்துபோவார்.

அடுத்து பட்டுக்கூடு அங்காடி. இங்கிலாந்துப் பெண்ணுக்குப் பதிலடி கொடுக்கவே இதைச் சேர்த்திருப்பார்: “சந்தைன்னா இதுதான் சந்தை.” நான்கு ரோடு பக்கம் அரசு நடத்தும் ஏலக் களம். சுற்றுவட்டார விவசாயிகள் கொண்டுவரும் கூடுகள் வெள்ளையும் மஞ்சளுமாகக் குவிந்து கிடக்கும். நூற்பவர்கள் கையில் அள்ளி, காதருகே குலுக்கி, விரலால் அழுத்திப் பார்த்து விலை கேட்பார்கள். உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம். மாமா பேசாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். மல்பெரி இலை தின்கிற புழு, அது கட்டுகிற கூடு, கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு இழை எடுப்பது என்று அவர் விளக்கிக்கொண்டே போக, அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்பார்.

“ஏங்க, கூடு காட்டிட்டீங்க. புடவை எப்போ?”

மாமா உடனே தாமஸ் மன்றோவிடம் ஓடிவிடுவார். சங்கடமான நேரங்களில் அவருக்கு மன்றோதான் துணை. 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் சீமை கம்பெனிக்குக் கைமாறியதும் அலெக்சாண்டர் ரீடுக்குத் துணையாக வந்து, 1799 வரை இந்தப் பகுதியில் நிலம் அளந்து வரி போட்டவர் மன்றோ. தருமபுரியில் வீடும் தோட்டமுமாக வாழ்ந்தவர். இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் ரீடும் அவரும் சேர்ந்து அடி எடுத்துக் கொடுத்தார்கள். பின்னால் 1820-இல் மதராஸ் கவர்னரானார். “அந்த இங்கிலாந்துக்காரனுக்கே நம்ம ஊரு அவ்வளவு பிடிச்சிருந்தது மாப்பிள்ளை” என்பார். பெங்களூர் மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துவிட்டு, “மாமா, மன்றோ பிறந்தது கிளாஸ்கோவுல. அது ஸ்காட்லாந்து” என்பார். அதோடு மாப்பிள்ளைக்கு வேனில் ஜன்னல் சீட் பறிபோகும்.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் வந்த குறும்பாதை ரயிலைப் பற்றியும், இரண்டாம் உலகப் போரின்போது அதைப் பிடுங்கி எடுத்துவிட்ட கொடுமையைப் பற்றியும் மாமா பேசுவதை இங்கே விட்டுவிடுகிறேன். அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அந்த ரயிலே மொரப்பூர் போய்த் திரும்பியிருக்கும்.

அதியமான்கோட்டையில் இறங்கியதும் பேத்தி கேட்பாள், “கோட்டை எங்க தாத்தா?”

“பேருலயே இருக்குது பாரும்மா.”

அதியமானின் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்ததையும், அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்ற நூலில் சில பாட்டுகள் தவிர மற்றதெல்லாம் தொலைந்துபோனதையும் சொல்லும்போது மாமாவின் குரல் கம்மும். அவர் அதைச் சொல்கிற விதத்தைக் கேட்டால், அவரிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராத புத்தகம் என்றே நினைப்பீர்கள். ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையைப் பிள்ளைகளே பாடப் புத்தகத்திலிருந்து ஒப்பித்துவிடுவார்கள். அதில் அவருக்கு வேலை மிச்சம். சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் மேற்கூரையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று அத்தை முணுமுணுக்க, “படுத்துக்கிட்டுப் பார்த்தா நல்லாத் தெரியும்” என்று மாமா யோசனை சொல்வார். பிள்ளைகள் படுப்பார்கள். சின்னவன் தூங்கிவிடுவான். பெண்கள் காலபைரவர் கோயிலுக்குப் போய்ச் சாம்பல் பூசணியில் விளக்கேற்றிவிட்டு வருவதற்கும் அவன் எழுந்திருப்பதற்கும் சரியாக இருக்கும்.

இந்த நாளின் உச்சம் நடுகற்கள். இதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும். தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் கற்களுக்கு முன்னால் மாமா வேறு ஆளாகிவிடுவார். வில்லோடு ஒருவன், வாளும் கேடயமுமாக ஒருவன், புலியோடு மோதி மாண்ட ஒருவன். மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல், தலைக்கு மேலே வட்டெழுத்தில் அவன் பெயரும் அரசன் பெயரும். பேச்சு செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லுக்குத் தாவும். மகேந்திரவர்மன் காலத்தில் ஒரு வீரனோடு சேர்ந்து போராடிய நாய்க்கும் அந்தக் கல்லில் உருவமும் பெயரும் உண்டு என்பார். அந்த நாள் முழுவதிலும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக ஆர்வத்தோடு கேட்கும் ஒரே கேள்வி அப்போதுதான் வரும்: “நாய் பேரு என்ன தாத்தா?” கோவிவன். ஊர் திரும்பியதும் தெருநாய்க்கு அந்தப் பெயர் வந்துவிடும். அரசன் பெயர் யாருக்கும் நினைவிருக்காது.

ஆனால் மாமாவின் அம்மா, எண்பது வயதுக் கிழவி, இதையெல்லாம் கேட்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்து ஒரு கல்லின் நெற்றிக்குக் கொண்டுபோவார்.

“அம்மா! அது சாமி இல்ல. சண்டையில செத்தவனோட கல்லு. தொடக்கூடாது.”

“ஏண்டா, நம்ம வேடியப்பன் யாருடா?”

மாமாவுக்குப் பேச்சு வராது. குலதெய்வம் வேடியப்பன் கோயிலில் வருஷா வருஷம் பொங்கல் வைத்து, ஆடு வெட்டி, மண்குதிரை வாங்கிவைத்து அவர் கும்பிடுவதும் இதே போன்ற ஒரு கல்லைத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் எத்தனையோ நடுகற்கள் வேடியப்பனாகி எண்ணெயும் மஞ்சளும் பூசிக்கொண்டு நிற்கின்றன. ஜெராக்ஸ் புத்தகத்தில் அவர் படித்துத் தெரிந்துகொண்ட சமாசாரத்தைக் கிழவி பிறந்ததிலிருந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால், அந்தக் குடும்பத்தின் தொல்லியல் நிபுணர் அவர்தான். இருந்தாலும் குங்குமம் மறுபடி முந்தானைக்கே போகும். காவலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மணி இரண்டரை. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் நிப்பட்டும் வேனிலேயே காலி. இனியாவது ஒகேனக்கல் என்று டிரைவர் வண்டியைக் கிளப்புவார். “வழியிலதான் பாப்பாரப்பட்டி” என்று முன்சீட்டிலிருந்து குரல் வரும். டிரைவர் ரியர்வியூ கண்ணாடியில் அத்தையைப் பார்ப்பார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

பாப்பாரப்பட்டியில் மட்டும் மாமா அதிகம் பேசுவதில்லை. சுப்பிரமணிய சிவா 1908-இல் வ.உ.சி.யோடு சிறைக்குப் போனவர், அங்கே தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், நோயைக் காட்டி ரயிலில் ஏறவிடாமல் தடுத்ததால் நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், இங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்து 1923-இல் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்டவைத்தவர், 1925 ஜூலை 23-இல் இதே ஊரில் கண்ணை மூடியவர். இவ்வளவுதான் சொல்வார். சாகும்போது சிவாவுக்கு நாற்பதுக்குச் சற்றுக் கூடுதலான வயது. மாப்பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே வயது. அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நினைவிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். காலையில் பறிபோன ஜன்னல் சீட் அவருக்குத் திரும்பக் கிடைப்பது இதற்குப் பிறகுதான்.

ஒகேனக்கல் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எண்ணெய் தேய்ப்பவர் பாட்டிலை மூடிக்கொண்டிருப்பார். மீன் கடைகளில் வாலும் தலையும் மிச்சம். பிள்ளைகள் அழ, அத்தை ஒன்றும் பேசாமல் ஒரு பார்வை பார்க்க, மாமா அருவியைக் காட்டி, “பாறை பாருங்க, எத்தனை கோடி வருஷம்” என்று ஆரம்பிப்பார். யாராவது ஒருவர் அவர் வாயில் மீன் தலையை வைத்துவிடுவது நல்லது.

அடுத்த விடுமுறைக்கு அவரைக் கூப்பிடுவதில்லை என்று திரும்பும் வழியில் ஒருமனதாகத் தீர்மானம் போடுவார்கள். அந்தத் தீர்மானம் இதுவரை எந்த வீட்டிலும் நிறைவேறியதில்லை. அவர் இல்லாமல் போனால் வேனுக்குள் பேசிச் சிரிக்க ஆள் இருக்காது. கிழவிக்குச் சண்டை போட மகன் இருக்கமாட்டான்.

உங்கள் வீட்டிலும் ஒரு தகடூர் மாமா இருந்தால், அவரை முன்சீட்டில் உட்காரவைத்துத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். வண்டியை மட்டும் முதலில் ஒகேனக்கல்லுக்கு விடச் சொல்லுங்கள். குளித்துவிட்டு, மீனைத் தின்றுவிட்டு, திரும்பும் வழியில் நடுகல் பார்த்துக்கொள்ளலாம். கல் எங்கேயும் போகாது.